கல்லூரிக் கட்டணத்துக்கு ஒரு தேதி உண்டு

வடாற்காட்டுக் குடும்பங்களில் பணம் வருவதற்குத் தனித்தனி நாட்காட்டிகள் இருக்கின்றன. குடியாத்தத்திலும் வேலூரிலும் பீடி சுற்றும் வீட்டில் அது சனிக்கிழமைக் கூலி. பால் சங்கத்துக்கு ஊற்றுகிற வீட்டில் பதினைந்து நாள் பட்டுவாடா. ஆம்பூர், இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற வீட்டில் மாதச் சம்பளமும் தீபாவளி போனசும். மானாவாரி நிலக்கடலை போடுகிற வீட்டில் ஐப்பசியோ கார்த்திகையோ. கல்லூரியின் நாட்காட்டி இவற்றில் எதோடும் பொருந்துவதில்லை. மே மாதம் பிளஸ் டூ முடிவுகள் வருகின்றன; தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அதற்கு முன்பே நுழைவுத்தேர்வை முடித்துவிட்டு இடத்துக்கான முன்பணத்தைக் கேட்டுவிடுகின்றன; பொறியியல் கலந்தாய்வு ஜூலையில் தொடங்கி ஆகஸ்ட், செப்டம்பர் வரை நீள்கிறது. போனஸ் வருவதற்கும் கடலை விளைவதற்கும் முந்தைய அந்த நான்கு மாதங்களில்தான் பெருந்தொகை கைமாற வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளின் மேற்படிப்புக்குச் சேமிப்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் 'எவ்வளவு' என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. என் பார்வையில், எவ்வளவு என்பதற்கு இணையாகக் கேட்கப்பட வேண்டிய கேள்வி 'எப்போது' என்பது. நம் பகுதியில் மக்கள் சேமிக்காமல் இல்லை. சீட்டு, நகை, அஞ்சலகக் கணக்கு, காப்பீடு, மனை என்று ஒவ்வொரு வீடும் ஏதோ ஒன்றில் போட்டுத்தான் வைத்திருக்கிறது. ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும் ஆண்டின் ஜூன் மாதத்தில் அந்தப் பணம் கைக்கு வருமா, எவ்வளவு வரும், யாரிடம் என்ன காகிதம் காட்டி அதை எடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பார்த்து வைக்கிறவர்கள் மிகக் குறைவு.

முதலில் தொகையைப் பார்த்துவிடலாம். இங்கு எல்லாரும் செய்கிற பிழை, படிப்பு என்றால் ஒரே விலை என்று நினைப்பது. சேர்க்கை எந்த வாசல் வழியாக நடக்கிறது என்பதைப் பொறுத்து ஒரே பட்டத்துக்குப் பத்து மடங்கு வேறுபாடு உண்டு. வேலூர் ஓட்டேரியில் உள்ள முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் ஓர் ஆண்டுக்கு ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய்தான். பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படிப்பதற்கும், தனியார் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகப் படிப்பதற்கும், அதே கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வதற்கும் கட்டணம் வேறு வேறு. 2017இல் தமிழ்நாட்டுக் கட்டண நிர்ணயக் குழு, தனியார் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆண்டுக்கு 50,000 முதல் 55,000 ரூபாய் என்றும், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000 முதல் 87,000 ரூபாய் என்றும் வரையறுத்தது. மருத்துவத்தில் இந்த இடைவெளி இன்னும் விரிந்தது: அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவருக்கு ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடியும், தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் அது ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும். அதே வேலூரில் சிஎம்சி என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மிகக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் கற்பிக்கிறது, படித்து முடித்தபின் ஒப்புக்கொண்ட காலம் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆகவே 'டாக்டருக்குப் படிக்க வைக்க எவ்வளவு ஆகும்' என்ற கேள்விக்கு ஒற்றை எண்ணாகப் பதில் சொல்கிறவர், அநேகமாக ஏதோ ஒரு திட்டத்தை விற்க வந்தவராகத்தான் இருப்பார்.

கலந்தாய்வு வழியிலான பொறியியலை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். கல்விக் கட்டணம், தேர்வுக் கட்டணம், பேருந்து, புத்தகம், மடிக்கணினி எல்லாம் சேர்த்து வீட்டிலிருந்து போய்வருகிற மாணவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு இன்றைய மதிப்பில் ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். செலவு ஆண்டுக்கு 8 சதவீதம் கூடினால், 72ஐ எட்டால் வகுத்துப் பார்க்கிற பழைய கணக்குப்படி, ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை அது இரட்டிக்கும். 2025இல் பிறந்த குழந்தை 2043இல் கல்லூரிக்குப் போகும்போது ஐந்து லட்சம் இருபது லட்சமாக நிற்கும். 6 சதவீதம்தான் கூடும் என்று கொண்டாலும் பதினான்கு லட்சத்துக்கு மேல் வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரசு நிர்ணயிக்கிற கட்டணம் ஆண்டுதோறும் ஏறுவதில்லை; சில ஆண்டுகள் அப்படியே இருந்துவிட்டு ஒரே தாவாகத் தாவும். விடுதி, உணவு, பயணம் ஆகியவைதான் ஓசையில்லாமல் ஆண்டுதோறும் ஏறுபவை. அதனால்தான் ஜோலார்பேட்டையிலிருந்தோ குடியாத்தத்திலிருந்தோ காட்பாடிக்கு ரயில் சீசன் டிக்கெட்டில் போய்வருகிற பிள்ளைக்கும், சென்னையிலோ கோவையிலோ விடுதியில் தங்குகிற பிள்ளைக்கும் இடையிலான வேறுபாடு பல குடும்பங்களில் கல்விக் கட்டணத்தையே விஞ்சிவிடுகிறது. சேர்க்காடு திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிற பழைய கல்லூரிகளான வேலூர் ஊரீசு, வாணியம்பாடி இஸ்லாமியா, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, காட்பாடி ஆக்சிலியம், மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் ஆகியவை எல்லாம் ரயிலுக்கும் பேருந்துக்கும் எட்டும் தொலைவில் இருப்பது இந்தப் பகுதிக்கு அமைந்த ஒரு வசதி. அதைக் கணக்கில் சேர்ப்பவர்கள் அரிது.

இருபது லட்சத்தைப் பதினெட்டு ஆண்டுகளில் சேர்க்க, சராசரியாக ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ச்சி கிடைத்தால், மாதம் ஏறத்தாழ 3,300 ரூபாய் போட வேண்டும். 7 சதவீதம்தான் கிடைக்கும் என்றால் 4,600. குழந்தைக்குப் பத்து வயதாகும்வரை பொறுத்திருந்து தொடங்கினால், 10 சதவீத வளர்ச்சியிலேயே மாதம் 13,500க்கு மேல் ஆகிவிடும். முதல் பத்தாண்டுகளில் சிறு தொகை செய்கிற வேலையைப் பின்னால் பெருந்தொகை செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த முதல் பத்தாண்டுகளில் நம் ஊர்க் குடும்பங்களின் பணம் எங்கே போகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. எல்கேஜியிலிருந்து பிளஸ் டூ வரை பதினான்கு ஆண்டுகள். ஆண்டுக்குச் சராசரியாக 40,000 ரூபாய் கட்டுகிற பெற்றோர் வட்டியைக் கணக்கிடாமலே 5,60,000 ரூபாய் செலவழித்திருப்பார்கள். கலந்தாய்வு வழியிலான நான்கு ஆண்டுப் பொறியியலுக்கு இன்று ஆகிற செலவை இது தாண்டிவிட்டது. கல்லூரிக்கான பணம் பள்ளி வாசலிலேயே கரைந்துபோகிறது என்றால் அது மிகையில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொண்டுவரப்பட்டது. அதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது நீட்டிக்கப்பட்டது. எல்லாரும் அரசுப் பள்ளிக்கே போக வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒவ்வொரு ஊரிலும் உள்ள பள்ளியைப் பொறுத்தது. ஆனால் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற முடிவு, கல்லூரிக்கான பணத்தைப் பற்றிய முடிவும்தான் என்பது அந்த நேரத்தில் பலருக்குத் தெரிவதில்லை.

இனி சேமிப்புகளுக்கு வருவோம். பெண் குழந்தைகளுக்காக 2015 ஜனவரியில் தொடங்கப்பட்டு, தமிழ்நாட்டில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் என்று அறியப்படுகிற அஞ்சலகக் கணக்கு, நம் பகுதியில் மிகப் பரவலாக இருப்பது. பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 2024 ஜனவரியிலிருந்து 8.2 சதவீத வட்டி; வட்டிக்கும் முதிர்வுத் தொகைக்கும் வரியில்லை. அரசின் உறுதியோடு இவ்வளவு வட்டி வேறு சிறுசேமிப்பில் எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் இதில் தேதி ஒளிந்திருக்கிறது. பணம் கட்டுவது பதினைந்து ஆண்டு, கணக்கு முதிர்வது தொடங்கிய நாளிலிருந்து இருபத்தொரு ஆண்டு. அதாவது இருபத்தொன்று என்பது பெண்ணின் வயது அல்ல, கணக்கின் வயது. ஐந்து வயதில் தொடங்கினால் மகளுக்கு இருபத்தாறு வயதாகும்போதுதான் முதிரும். ஒன்பது வயதில் தொடங்கினால் முப்பது.

படிப்புக்காக இடையில் எடுக்கலாம்: பெண் பத்தாம் வகுப்பு தேறிய பிறகோ பதினெட்டு வயது நிறைந்த பிறகோ, முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதி வரை. கல்லூரியின் சேர்க்கைக் கடிதமோ கட்டணச் சீட்டோ காட்ட வேண்டும்; அதில் உள்ள தொகைக்கு மேல் எடுக்க முடியாது; மொத்தமாகவோ, ஆண்டுக்கு ஒருமுறை என ஐந்து தவணைகளிலோ பெறலாம். மகளுக்கு ஐந்து வயதில் கணக்குத் தொடங்கி மாதம் 3,000 ரூபாய் தவறாமல் கட்டியவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கல்லூரியில் சேரும் ஆண்டில் கணக்கில் ஏழரை லட்சத்திலிருந்து எட்டு லட்சம் வரை இருக்கும். கைக்கு எட்டுவது நான்கு லட்சத்துக்குச் சற்று முன்பின். மீதி, பதினெட்டு வயதுக்குப் பின் நடக்கிற திருமணத்துக்காகக் கணக்கை முடித்தால் ஒழிய, இருபத்தொரு ஆண்டு நிறையும் வரை அசையாது. இந்தத் திட்டத்தை வடிவமைத்தவர்கள் படிப்பையும் திருமணத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றும். அதில் தவறில்லை, தெரிந்து தொடங்கினால். மகள் பிறந்த ஆண்டிலேயே தொடங்குபவருக்கு இதன் தேதி ஓரளவு பொருந்துகிறது. ஏழு, எட்டு வயதுக்குமேல் கல்லூரியை மனத்தில் வைத்துத் தொடங்குபவருக்குப் பொருந்துவதில்லை.

மகன்களுக்கு அஞ்சலகத்தில் பொன்மகன் பொதுவைப்பு நிதி என்ற பெயரில் இருப்பது பிபிஎஃப் எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்குதான். வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதத்திலேயே நிற்கிறது. தொடங்கிய நிதியாண்டு முடிந்து பதினைந்து ஆண்டில் முதிர்கிறது. எனவே பிள்ளைக்கு இரண்டு வயதில் தொடங்கினால் பிளஸ் டூ முடிக்கிற வேளையில் முழுத் தொகையும் கையில் இருக்கும். ஏழாம் ஆண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கவும் வழியுண்டு. வட்டி குறைவாக இருந்தும், தேதிக் கணக்கில் செல்வமகளைவிட இது கல்லூரிக்கு இணக்கமானது. மகளுக்கும் தொடங்கலாம் என்பதைச் சொல்லியாக வேண்டும். பெயரைப் பார்த்துப் பலர் ஆண் பிள்ளைக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நகையைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 2005 வாக்கில் ஆறாயிரத்துக்கும் கீழே இருந்த சவரன் 2025இல் எழுபதாயிரத்தைக் கடந்துவிட்டது. வாங்கி வைத்தவர்கள் ஏமாறவில்லை. ஆனால் செய்கூலியும் சேதாரமும் வாங்கும்போதே போய்விடுகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. திருமணத்துக்கு என்று வைத்த நகையைக் கல்லூரிக்காக விற்க மனம் வருவதில்லை. அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறார்கள். படிப்பு முடியும்வரை வட்டி ஓடுகிறது. படிப்புக்கு என்று தங்கம் சேர்க்க நினைப்பவர் அதை நாணயமாகவோ தங்க நிதியாகவோ வைத்துக்கொண்டால், விற்கிற நாளில் கண்ணீர் குறையும்.

சீட்டு வேறு வகை. இருபது பேர் சேர்ந்து மாதம் ஐயாயிரம் போடுகிற ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டில், ஜூன் மாதத்தில் தேவை இருக்கிறவர் தள்ளிக் கேட்டு, அதாவது சீட்டுத் தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, எடுத்துக்கொள்ளலாம். தேதிக்குப் பணம் என்ற ஒரே காரணத்தால்தான் கல்லூரிக் கட்டணத்துக்குச் சீட்டு இவ்வளவு பிடித்தமான வழியாக இருக்கிறது. ஆனால் ஜூன் மாதத்தில் தேவை உள்ளவர் ஒருவர் மட்டுமல்ல என்பதால் அந்த மாதத்தில் போட்டி கூடி, தள்ளுகிற தொகையும் கூடுகிறது. அதனால் சீட்டை இரண்டொரு ஆண்டுத் தேவைக்கான கருவியாக வைத்துக்கொள்ளலாமே தவிர, பதினெட்டு ஆண்டுச் சேமிப்பாக அது ஆகாது. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட சீட்டா என்று பார்ப்பது முதல் வேலை. தெரிந்தவர், உறவினர் என்பது பதிவுக்கு ஈடாகாது. மாதம் இவ்வளவு வட்டி என்று ஆசை காட்டிய நிறுவனங்கள்மீது வேலூர், காட்பாடி, ஆரணி பகுதிகளில் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022இல் தொடுத்த வழக்குகள் இங்கு எல்லாருக்கும் தெரிந்தவை. அதில் போன பணத்தில் மகனின் கல்லூரிக்கு, மகளின் மேற்படிப்புக்கு என்று வைத்தவை ஏராளம். வங்கியில் ஆண்டு முழுவதும் கிடைக்கிற வட்டியை ஒரே மாதத்தில் தருவதாக ஒருவர் சொன்னால், அந்தப் பணம் எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். தோல் பதனிட்டும் அவ்வளவு லாபம் வருவதில்லை என்பது இந்த ஊருக்குத் தெரியும்.

பரஸ்பர நிதியில் மாதத் தவணையாகப் போடுவதைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. மேலே சொன்ன 10 சதவீதம் என்பது வைப்பு நிதியில் கிடைப்பதில்லை. பங்குகள் சார்ந்த நிதிகளில் நீண்ட காலத்தில் எதிர்பார்க்கலாம், யாரும் உறுதி தர முடியாது. 2020 மார்ச்சில் சில வாரங்களுக்குள் சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அந்த ஆண்டு ஜூனில் கட்டணம் கட்ட வேண்டியவர் அதை நம்பியிருந்தால் நிலைமை என்ன ஆகியிருக்கும்? எனவே பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே முதல் ஆண்டுக் கட்டணத்தையும், பத்தாம் வகுப்பில் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் என்று படிப்படியாகப் பங்குகளிலிருந்து வைப்பு நிதிக்கு மாற்றி வைப்பது நல்லது. குழந்தைகளின் பெயரில் விற்கப்படுகிற காப்பீட்டுச் சேமிப்புத் திட்டங்களின் வருவாய் பெரும்பாலும் ஆண்டுக்கு 5, 6 சதவீதத்தைச் சுற்றியே இருக்கும். கட்டணம் ஏறுகிற வேகத்துக்கு அது ஈடு கொடுப்பதில்லை. சம்பாதிக்கிறவர் இறந்துபோனால் படிப்பு நிற்கக் கூடாது என்பதுதான் நோக்கம் என்றால், அதற்குச் சேமிப்புக் கலப்பில்லாத ஆயுள் காப்பீடு போதும். வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 436 ரூபாயில் கிடைக்கிற பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தின் இரண்டு லட்சம், பெரிய தொகை அல்ல. ஆனால் தொழிற்சாலைக் கூலியில் வாழும் வீட்டில் அது ஒன்றரை ஆண்டுக் கல்லூரி.

மாதம் 3,300 ரூபாய் என்பதே எட்டாத வீடுகள் இந்த மாவட்டங்களில் பல. அங்கே சேமிப்பு என்பது பாதி காகிதம். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருக்கிற குடும்பத்தின் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் தரும் கல்வி உதவித்தொகை, பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், தொழிற்படிப்புக்கு 25,000 ரூபாய். தாய் பீடி சுற்றியும் அட்டை எடுக்காததால் இதை இழப்பவர்கள் உண்டு. ராணுவத்தில் ஆட்கள் உள்ள கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில், முன்னாள் படைவீரரின் மகளுக்கு மாதம் 3,000, மகனுக்கு 2,500 என்று பிரதமர் உதவித்தொகை இருக்கிறது. மதிப்பெண் 60 சதவீதம் இருக்க வேண்டும். ஒன்றுபட்ட வேலூர் மாவட்ட ஏழை மாணவர்களுக்கென்று விஐடி நிறுவனர் கோ. விசுவநாதன் 2012இல் தொடங்கிய அனைவருக்கும் உயர்கல்வி அறக்கட்டளை இயங்குகிறது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. இவை ஒவ்வொன்றும் சாதி, வருமானம், இருப்பிடம், ஆதாரோடு இணைந்த மாணவர் வங்கிக் கணக்கு என்று காகிதம் கேட்கின்றன. ஜூன் மாதம் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வாங்குவதைவிடப் பிளஸ் ஒன் விடுமுறையில் வாங்கத் தொடங்குவது எளிது.

எஞ்சிய பள்ளத்தைக் கல்விக் கடன் நிரப்புகிறது. நான்கு லட்சம் வரை வங்கி பிணை கேட்பதில்லை. ஏழரை லட்சம் வரை அரசின் கடன் உத்தரவாத நிதி வங்கிக்குப் பொறுப்பாக நிற்கிறது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையில் உள்ள 860 கல்வி நிறுவனங்களில் இடம் பெறுவோருக்குப் பிணையில்லாக் கடனும், எட்டு லட்சத்துக்குள் வருமானமுள்ள குடும்பங்களுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. கடன் பெறுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டை விற்பதற்கும் தந்தையின் வைப்பு நிதியைக் காலி செய்வதற்கும் இது மேல். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். படிப்புக்காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது வட்டி ஓடாது என்பதாகாது. வட்டி முழுவதையும் அரசே ஏற்கிற சலுகைக்குத் தகுதியில்லாதவர்கள், அந்த ஆண்டுகளில் வட்டியை மட்டுமாவது மாதந்தோறும் கட்டிவந்தால், படித்து முடிக்கிற பிள்ளையின் தலையில் ஏறுகிற சுமை பெருமளவு குறையும். சேமிப்பு முழுக் கட்டணத்துக்குப் போதாதவர்களுக்கு, அந்தச் சேமிப்பை இந்த வட்டிக்குப் பயன்படுத்துவதே சரியான வேலையாக இருக்கக்கூடும்.

இன்னொரு சிறு தொகையும் உண்டு, யாரும் ஒதுக்காதது. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் மே மாதம் இடம் எடுத்தவர், கலந்தாய்வில் நல்ல அரசுக் கல்லூரி கிடைத்தால் அதை விட்டு வருவார். குறித்த தேதிக்குள் விலகினால் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதி சொல்கிறது. ஆனால் அது திரும்பி வருவதற்கும் புதிய கல்லூரி கேட்பதற்கும் இடையே சில வாரங்கள் கிடக்கின்றன. அந்த வாரங்களுக்காகத்தான் ஐந்து வட்டிக்கும் பத்து வட்டிக்கும் கைமாற்று வாங்குகிறார்கள்.

இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் கணக்கு மீண்டும் மாறும். முதல் தலைமுறைப் பட்டதாரி என்ற கல்விக் கட்டணச் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா அதைப் பெற்றுவிட்டால் தம்பிக்கு இல்லை. அவர்களுக்குள் மூன்று வயது இடைவெளி இருந்தால், நான்கு ஆண்டுப் படிப்பில் ஓர் ஆண்டு இருவரும் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருப்பார்கள். இரண்டு வயது இடைவெளி என்றால் இரண்டு ஆண்டுகள். அக்காவின் பெயரில் பதினைந்து ஆண்டுகளாகக் கட்டியதை அவளுடைய நான்கு ஆண்டுகளுக்கும் சமமாகப் பிரித்துவிட்டால், அந்த இறுதி ஆண்டில் தம்பியின் சேர்க்கைக்குக் கை வெறுமையாக நிற்கும். அந்த ஆண்டின் ஜூன் மாதத்தில் முதிரும்படி ஒரு தனி வைப்பு நிதியை, மூத்தவள் பிளஸ் ஒன் சேரும்போதே போட்டு வைக்க வேண்டும். மூன்று வயது இடைவெளிக்கு அது ஐந்தாண்டு அஞ்சலக வைப்பாக இருந்தால் தேதி சரியாக வந்து சேரும்.